மாப்பிள்ளை மாலை யார் கழுத்தில்?

காலை ஒன்பது பத்துக்குப் பூக்கடைத் தனத்தின் செல்போன் அலறியது.

"அக்கா, மேடையில மாப்பிள்ளை சாஞ்சுட்டாரு... வாயில நுரை தள்ளுது. மாலையில விஷம்னு சொல்றாங்க. நீ கட்டின மாலைக்கா..."

மண்டபத்து வாட்ச்மேன். அதோடு கட் ஆகிவிட்டது.

தனத்தின் விரல்களில் இன்னும் சம்பங்கி வாசம். அந்த விரல்களையே வெறித்தாள்.

ஏதோ நினைப்பில் எதையாவது சேர்த்துக் கட்டிவிட்டேனா?

இருபது வருடமாகப் பூ கட்டும் கைகள். இன்றைக்கு அவையே அந்நியமாகத் தெரிந்தன.

பத்து மணி. செங்கம் ரோடு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை அறை.

"என்னத்தைச் சேர்த்த? அரளியா, பூச்சிமருந்தா?" இன்ஸ்பெக்டர் சரோஜா கேட்டார்.

"அரளி சாமிக்கு மேடம். மனுஷங்க கழுத்துக்கு வெக்கமாட்டேன்."

"தாலி கட்டறதுக்கு முன்னாடியே பாலாஜி ஆஸ்பத்திரியில கெடக்கறான். உன்னை விட்டுட்டு யாரைப் புடிக்கச் சொல்ற?"

மேஜையில் பாலித்தீன் பை. உள்ளே, பாலாஜியின் கழுத்திலிருந்து கழற்றிய மாலை.

தனம் குனிந்தாள். கனத்த சம்பங்கிச் சரம்...

பையைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள்.

"மேடம், இது மாப்பிள்ளை மாலை."

"மாப்பிள்ளை கழுத்துல வேற எது இருக்கும்?"

"பொண்ணு மாலை இருக்கணும். மூணு தரம் மாத்தினா இது பொண்ணு இனியா பாப்பா கழுத்துக்குப் போயிடும். அவங்க ரோஜா மாலை இவர்கிட்ட வந்துடும்."

சரோஜா விரல் விட்டு எண்ணினார். நிமிர்ந்தார்.

"வீடியோக்காரனைக் கூப்பிடு."

கேமராத் திரையில் மாலை மாற்றல். ஒன்று... இரண்டு... மூன்று. சம்பங்கி, மணப்பெண் இனியாவின் கழுத்தில்.

அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து வீடியோக்காரன் குரல். 'பொண்ணு முகம் மறைஞ்சுடுச்சு சார், இன்னொரு தரம்...'

பாலாஜி பின்வாங்கினான். 'வேணாம்... போதும்...'

வெட்கம் என்று கூட்டம் சிரித்தது. தாய்மாமன் அவன் பிடரியைப் பிடித்துக் குனியவைத்தார். இனியா சம்பங்கி மாலையை அவன் கழுத்திலேயே திருப்பிப் போட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை கழற்றப் போனான். 'தாலி கட்டறவரைக்கும் கழட்டக்கூடாது மாப்ள' என்று தாய்மாமன் கையைத் தட்டிவிட்டார்.

"வெட்கத்துக்கா இப்படி வேர்க்குது?" என்றார் சரோஜா மெதுவாக.

தனம் திரையிலிருந்து திரும்பினாள். "காலையில ஈரத்துணி சுத்தி மாப்பிள்ளை கையிலதான் குடுத்தேன் மேடம். சம்பங்கி மேல தண்ணி தெளிச்சா கறுத்துடும்னேன். நானே பாத்துக்கறேன்னு இந்த ரூம் கதவைச் சாத்திக்கிட்டாரு."

சரோஜா மெத்தையைப் புரட்டினார்.

அடியில் சின்ன பாட்டில். அதைத் தூக்கிப் பிடித்துப் பேசினார்.

"அரை மணி நேரம் தோல்ல ஊறினாதான் ஏறுற மருந்துனு டாக்டர் சொன்னாரு. மாத்தற நேரத்துல இவனுக்கு ஒண்ணும் ஆகாது. கடைசியா போட்டுக்கிட்டு உக்கார்ற பொண்ணுக்குதான்... பாலாஜி பெங்களூர்ல ஒருத்தியோட குடும்பம் நடத்தறான்னு அவன் ஃப்ரெண்டு சொன்னப்போ நான் நம்பல. வீட்டுல அதைச் சொல்ல தைரியம் இல்ல. இவளைக் கொல்ல மட்டும் இருந்திருக்கு."

தனம் தன் கைகளைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவை அவளுடையவை ஆயின.

சரோஜாவின் போன் அடித்தது.

"பொழைச்சுட்டானா? சரி, விலங்கோட வரேன்."

வாசல்வரை போனவரைத் தனம் கூப்பிட்டாள்.

"மேடம்... கையில மாட்டறதையாவது யாரோடயும் மாத்திக்க விடாதீங்க."