தொண்ணூற்றாறு நொடித் தெளிவு

சனிக்கிழமை காலை மருதாசலம் கூடத்துச் சுவரிலிருந்து திரையைக் கழற்றி, சோப்புத்தூள் கரைத்த வாளியில் அமுக்கி, இரண்டு தண்ணீர் அலசி, வீட்டுக்குப் பின்னால் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். அணைக்க மறந்துவிட்டார். ஆகவே செய்தி வாசிக்கும் அம்மையார் நான்கு மடிப்புகளுக்கு நடுவே, மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக, சொட்டச் சொட்ட மழை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் போன யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரூரில் சனிக்கிழமை என்றால் திரை துவைக்கும் நாள்.

கண்ணாடித் திரைகள் வழக்கொழிந்து எழுபது வருடம் ஆகியிருந்தது. போர்வையும் ஜன்னல் சீலையும் நெய்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிய அந்த ஊர், பருத்தி நூலுக்குப் பதிலாக ஒளியிழையைத் தறியில் ஏற்றக் கற்றுக்கொண்டது. தலைமுடியைவிட மெல்லிய இழை. மின்சாரம் பட்டால், கேட்கிற நிறத்தில் ஒளிரும். பாவும் ஊடும் ஒன்றையொன்று தாண்டும் ஒவ்வொரு இடமும் படத்தில் ஒரு புள்ளி. திரைத்துணி என்பது அவ்வளவுதான். மடிக்கலாம், துவைக்கலாம், இஸ்திரி மட்டும் போடக்கூடாது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ரத்தினசபாபதியின் கொடியிலும் ஒரு திரை ஆடிக்கொண்டிருந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா மருதாசலம், உங்கூட்டுத் துணியில அந்தம்மா மூஞ்சி கலங்கலாத் தெரியுது? ஈரமா, இல்ல ரெண்டாந்தரமா?"

"ஈரந்தான்."

"எங்குளுது ஈரத்துலயே ஊசியாட்டத் தெரியும். முதல் தரம். போன தடவை எம்பையன் பேசுனப்ப, அவன் புருவத்துல ஒத்த முடி நரைச்சிருந்துச்சு. அதக்கூடப் பார்த்துட்டனே!"

"பையன் என்ன சொன்னான்?"

"ஆங்?"

"பேசுனான்ல, என்ன சொன்னான்னு கேட்டேன்."

"அதான்... நல்லா இருக்கேன்னான்," என்றார் ரத்தினசபாபதி, கொஞ்சம் யோசித்து.

அந்தப் பையனும் மருதாசலத்தின் மகள் இளவேனியும் வியாழனைச் சுற்றும் பனிநிலவான யூரோப்பாவில் வேலை பார்த்தார்கள். பனிக்கட்டியைத் துளைத்து அடியிலுள்ள கடலுக்கு வழி போடும் வேலை. அங்கிருந்து வீட்டோடு பேச ஆண்டுக்கு இரண்டு முறைதான், அதுவும் அளந்து விட்ட தரவுப் பங்குதான் கிடைக்கும். பேசுவதென்றால் மாறி மாறிப் பேசுவதல்ல. ஒளியே வந்து சேர முக்கால் மணி நேரம் பிடிக்கும் தூரம் அது. அவள் பேசி அனுப்புவாள், இவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை வரவிருந்த பேச்சு வழக்கமான ஒன்றல்ல. இளவேனியின் ஆறாண்டு ஒப்பந்தம் முடியப்போகிறது. ஊருக்குத் திரும்புவதா, இன்னொரு ஆறாண்டுக்குக் கையெழுத்துப் போடுவதா என்று இந்த முறை சொல்வதாக எழுதியிருந்தாள். மருதாசலத்தின் மனைவி தெய்வானை ஒரு மாதமாக மகளுடைய மெத்தையை வெயிலில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள்.

மருதாசலத்துக்கும் அதே கவலைதான். ஆனால் மகள் வருவாளா என்பதில் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. திரையில் செய்யக்கூடியது இருந்தது. மனித மனம் பெரிய கவலையை அப்படியே விட்டுவிட்டு, திருகாணி உள்ள கவலையின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவருக்கு ஒரு ரகசியம் தெரியும். முப்பத்தொரு வருடம் திரைத்துணி ஆலையில் தறி பழுதுபார்த்தவர் அவர். முதல் தரமும் இரண்டாம் தரமும் ஒரே தறியில், ஒரே இழையில், ஒரே மூச்சில் நெய்யப்படுபவை. கடைசியில் தையல் பகுதிக்குப் போகும்போது, மடித்த ஓரத்துக்குள் எள்ளளவு சில்லு ஒன்றை வைத்துத் தைப்பார்கள். அதில் நூற்றிருபத்தெட்டு எண்கள் இருக்கும். அதுதான் துணியின் தகுதிச்சீட்டு. 'நான் இத்தனை அகலம், எனக்கு இவ்வளவு நிறம் வரும், நொடிக்கு இத்தனை படம் மாற்றுவேன்' என்று துணி தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் மனு. படம் அனுப்பும் இயந்திரம் முதலில் இந்தச் சீட்டைக் கேட்டு வாங்கும். அதிலுள்ளதில் எது உயர்ந்ததோ அதன்படி படத்தைத் தயாரிக்கும். துணியை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. வேலைக்கு மனுப் போடுகிறவர்களும் தங்களைப் பற்றி இப்படித்தான் எழுதுகிறார்கள். இயந்திரங்கள் அதை உண்மையிலேயே நம்பிவிடும் என்பதுதான் வித்தியாசம்.

திரை காய்ந்ததும் மருதாசலம் அதை மடியில் போட்டுக்கொண்டு ஊசியோடு உட்கார்ந்தார். ஓரத்தையலில் ஒரே ஒரு சிவப்பு இழை ஓடும். அது இருக்கும் வரை சில்லைப் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. ஆலை போட்ட பூட்டு அது.

"என்னுங்க பண்றீங்க?" என்றாள் தெய்வானை.

"தைக்கறேன்."

"தைக்கறாப்புல தெரியலீங்களே, பிரிக்கறாப்புல இருக்குது."

"பிரிச்சாத்தான தைக்க முடியும்?"

"செவ்வாக்கிழமை புள்ள பேசறா. இந்தத் துணிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு வைங்க, உங்களத் தூக்கிக் கொடியில கிளிப் போட்டுத் தொங்க உட்ருவேன்."

சிவப்பு இழை வந்துவிட்டது. ஆலையில் பயன்படுத்திய பழைய எழுதுபேனாவைச் சில்லின் மேல் வைத்தார். எண்கள் வரிசையாக வந்தன. அவர் மாற்ற வேண்டியவை மூன்றுதான். நொடிக்கு முப்பது படம் என்றிருந்ததை இருநூற்று நாற்பது ஆக்கினார். நிறத்தின் ஆழம் எட்டு என்றிருந்ததைப் பதினான்கு ஆக்கினார். தரம் இரண்டு என்றிருந்ததை ஒன்று ஆக்கினார்.

ஆனால் நூற்றிருபத்தெட்டாவது எண் ஒரு காவல்காரன். எல்லா எண்களையும் கூட்டினால் வரும் தொகை இருநூற்றைம்பத்தாறால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். அப்படி வகுபடுவதற்காகவே வைத்த எண் அது. மற்றவற்றில் எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவை இதில் இறக்கவேண்டும். வேகத்தில் இருநூற்றுப் பத்து, நிறத்தில் ஆறு, தரத்தில் ஒன்று, ஆக இருநூற்றுப் பதினேழு கூட்டியாயிற்று என்று மருதாசலம் கணக்குப் போட்டார். காவல் எண் இருநூற்று முப்பத்தொன்று. கழித்தால் பதினான்கு. எழுதினார். சுவரில் மாட்டினார்.

திரை கரிச்சட்டி போலக் கிடந்தது. ஒரு புள்ளிகூட மினுங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தெய்வானை அவரோடு பேசவில்லை, கொடியை மட்டும் அடிக்கடி பார்த்தாள். தவறு குளிக்கும்போது பிடிபட்டது. இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரம் என்றதும் உயர்வு என்று மனம் ஒன்றைக் கூட்டிவிட்டது. எண்ணுக்கு அது இறக்கம். இரண்டு ஒன்றானால் ஒன்று குறைகிறது. ஏறியது இருநூற்றுப் பதினைந்துதான், காவல் எண் பதினாறாக இருக்க வேண்டும். துண்டோடு ஓடிவந்து எழுதினார். பெருமைக்கு இத்தனை துல்லியமாகத் தண்டனை கிடைத்தது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

திரை ஒளிர்ந்தது. செய்தி வாசிப்பவரின் கன்னத்து மயிர்க்கால்கள்கூடத் தெரிந்தன. புதிய சீட்டு அன்றே யூரோப்பா நிலையத்துக்குப் பதிவாகிப் போனது.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள் தெய்வானை, சனிக்கிழமைக்குப் பிறகு முதல் பேச்சாக.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ரத்தினசபாபதியும் வந்து உட்கார்ந்தார். ஒப்பிட்டுப் பார்க்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரையில் முதலில் ஒரு வரி வந்தது: 'உங்கள் திரையின் உயர்தரத்துக்கேற்ற படம். மொத்த நேரம்: 1 நிமிடம் 36 நொடி.'

வழக்கமாக நாற்பது நிமிடம் வரும்.

மருதாசலத்துக்கு உடனே விளங்கிவிட்டது. தரவுப் பங்கு எல்லோருக்கும் ஒரே அளவு. தொட்டித் தண்ணீர் அதேதான், குழாயைத்தான் வேகம், நிறம், தரம் மூன்றிலுமாகச் சேர்த்து அவர் இருபத்தைந்து மடங்கு அகலமாக்கியிருந்தார்.

இளவேனி தோன்றினாள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து நிற்பது போலிருந்தாள். மூச்சின் ஆவி தெரிந்தது. நேரம் குறைவென்று அவளுக்கும் சொல்லியிருப்பார்கள், வேகமாகப் பேச ஆரம்பித்தாள்.

"ஐயோ, காதோரம் நரைச்சுப்போச்சு பாருங்க!" என்றாள் தெய்வானை. "முப்பத்திரண்டு வயசுல நரைக்குமா? கன்னத்துல அது என்ன, பருவா, அடிபட்டதா? எண்ணெய் தேய்க்கறதே இல்ல போலிருக்குது!"

"வலது ஓரத்துல வெள்ளை பிசிறடிக்குது பாரு," என்றார் ரத்தினசபாபதி.

"அது பிசிறில்ல, பனி."

"பனி அப்படி மினுங்காது. எங்கூட்டுத் திரையில மினுங்காது."

"உங்கூட்டுத் திரையில பனியே தெரிஞ்சிருக்காது!"

மருதாசலத்தின் கண் மகளின் மேல்தான் இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. அது இருந்தது திரையின் மூலையில், நொடிக்கு எத்தனை படம் என்று காட்ட அவரே போட்டுவைத்த சின்ன எண்ணின் மேல். 240. அது தாங்குமா? 240. ஒருமுறை 238 ஆயிற்று, அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மறுபடி 240. தான் வளர்த்த பிள்ளை பரிசு வாங்கியது போல அவருக்குக் கண் நிறைந்தது. 240, 240, 240.

இளவேனி கைகூப்பினாள். திரை வெறும் துணியானது.



"என்ன சொன்னா?" என்றாள் தெய்வானை.

மருதாசலம் ரத்தினசபாபதியைப் பார்த்தார். ரத்தினசபாபதி அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தவராக எழுந்து போனார்.

சாதாரணமாக நாற்பது நிமிடப் பேச்சில் முதல் ஐந்து நிமிடம் கண் மேயும். பிறகு அலுத்துப்போய் அடங்கும், காது விழித்துக்கொள்ளும். இளவேனியும் எதையும் மூன்று முறை சொல்கிற பெண். தொண்ணூற்றாறு நொடியில் கண் இன்னும் இலையில் உட்காரவே இல்லை, பந்தி முடிந்துவிட்டது.

"திருப்பிப் போடுங்க," என்றாள் தெய்வானை.

இரண்டு தரத்துக்கும் உண்மையாகவே ஒரு வேறுபாடு இருந்ததை மருதாசலம் அப்போதுதான் கண்டுபிடித்தார். இழை ஒன்றுதான், ஆனால் வந்த படத்தைச் சேமித்து வைக்க ஓரத்தில் கோத்திருக்கும் நினைவக மணி இரண்டாம் தரத்தில் சிறியது. அதைப் பற்றி அவர் சீட்டில் எதையும் மாற்றவில்லை. மாற்றியிருந்தாலும் மணி பெரிதாகியிருக்காது. அதில் தங்கியிருந்தது கடைசி ஏழு நொடி.

"...நீங்க வேண்டாம்னா வேண்டாம். சரின்னா சரி. பத்து நாளைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்கப்பா. வெச்சிடறேன்."

நாற்பது முறை பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் இமை முடிகளை எண்ணலாம் போலிருந்தது.

"எதைச் சரீங்கறா?" என்றாள் தெய்வானை. "கல்யாணமா இருக்குமோ? யாரையாச்சும் பார்த்து வெச்சிருப்பாளோ?"

"ஊருக்கு வர்றதாத்தான் இருக்கும்."

"ஊருக்கு வர எதுக்கு நம்மளக் கேட்கறா?"

"அதுவும் சரிதான்."

"புரியலை, இன்னொரு தடவை சொல்லு கண்ணுன்னு எழுதிப் போடுங்க."

எழுதலாம். எழுத்துக்குப் பங்கு அளவு கிடையாது, எத்தனை வரி வேண்டுமானாலும் போகும். மருதாசலம் விரலைத் தூக்கினார், பிறகு இறக்கினார். "ஆறு மாசத்துக்கு ஒருக்காப் பேசறா. பெத்தவங்க ரெண்டு பேரும் எதிரே உக்கார்ந்துக்கிட்டு என்ன சொன்னேன்னு கேட்டா, புள்ள மனசு என்ன பாடுபடும்? நான் எண்ணைப் பார்த்துட்டு இருந்தேன்னு எழுதறதா?"

தெய்வானை அவரைத் திட்ட வாயெடுத்தாள். தான் நரைமுடி எண்ணிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்திருக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

"நம்ம புள்ள தப்பா எதும் கேட்டிருக்க மாட்டா," என்றாள் கடைசியில். "சரின்னு போடுங்க. சரின்னா யாருக்கும் சங்கடமில்ல."

மருதாசலம் எழுதினார்: 'சரி கண்ணு. எங்களுக்கு முழு சம்மதம். உன்னை ரொம்பத் தெளிவாகப் பார்த்தோம்.'

மறுநாளே பதில் வந்தது. வெறும் எழுத்து. படம் இல்லாததால் இருவரும் ஒரு சொல் விடாமல் படித்தார்கள்.

'அப்பா, அம்மா, நீங்க ஒரு கேள்விகூடக் கேட்காம சரின்னு சொல்லுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. வேண்டாம்னுதான் சொல்லுவீங்கன்னு, நான் ஊருக்குத் திரும்பறதுக்கு மூட்டையெல்லாம் கட்டிவெச்சிருந்தேன். இப்ப அவுத்துட்டேன். அடுத்த ஆறு வருசத்துக்குக் கையெழுத்தும் போட்டுட்டேன். இங்க என்னோட வந்து இருக்க உங்க ரெண்டு பேருக்கும் கப்பல்ல இடம் சொல்லியாச்சு. பனிக்கு அடியில பதினெட்டாவது சுரங்கத்துல வீடு. ஊரை விட்டு வரமாட்டீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு பெரிய மனசுக்காரங்க!'

தெய்வானை நாற்காலியில் உட்கார்ந்தாள். "வேண்டாம்னு சொல்லியிருந்தா வந்திருப்பாளா?"

"ஆமா."

"ஒத்த வார்த்தை."

"ஆமா."

அவள் எழுந்து போய் மகளின் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு, "இனி கேட்கலைன்னு சொல்லவும் முடியாது," என்றாள். "குளிருக்கு எந்தப் போர்வை எடுத்து வைக்கட்டும்?"

கடிதத்தோடு கப்பல் நிறுவனத்தின் சம்மதப் படிவமும் இணைந்திருந்தது. இருநூற்றுப் பதினான்கு பக்கம். பதினான்கு மாதப் பயணம், உறைதூக்கம், யார் எதற்குப் பொறுப்பு, யார் எதற்குப் பொறுப்பல்ல என்றெல்லாம் பொடி எழுத்தில் ஓடியது.

"இந்தத் தடவையாச்சும் ஒழுங்காப் படிச்சுப் பாருங்க," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் தெய்வானை.

"படிக்கறேன், படிக்கறேன்."

மருதாசலம் விரலைத் திரையின் அடியில் வைத்து மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்டினார். இருநூற்றுப் பதினான்கு பக்கங்களும் சரசரவென்று ஓடி, கடைசிப் பக்கத்தில் வந்து நின்றன. 'அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற கட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

"என்னுங்க போட்டிருக்குது?"

"வழக்கமாப் போடறதுதான்," என்றார் மருதாசலம்.