நல்லா இருக்கேன்மா

"அந்த நீல ஸ்வெட்டர் உனக்கு எடுப்பா இருக்கு பாப்பா. நேத்தே சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்" என்றாள் அம்மா.

மகள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். அவளிடம் நீல ஸ்வெட்டர் எதுவும் கிடையாது. குளிர் தொடங்கிய வாரத்தில் அம்மா நச்சரித்தது தாங்காமல், வாங்கிவிட்டேன், நீலம், கழுத்துவரை மூடும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்திருந்தாள், அவ்வளவுதான்.

"எந்த ஸ்வெட்டர்மா?"

"நேத்து வீடியோவுல போட்டிருந்தியே, அதுதான். கன்னம்கூட கொஞ்சம் பூசினாப்ல இருந்துச்சு. என் கண்ணே பட்டுடும். சரி, ரவுண்ட்ஸுக்கு நேரமாச்சு. சாப்டியா?"

"சாப்டேன்மா."

சாப்பிடவில்லை. வீடியோவும் போடவில்லை. அவள் முகத்தை அம்மாவுக்குக் காட்டி மூன்று மாதமாகிறது. விடுதியில் இணையம் மந்தம் என்பது சாக்கு. நேற்று இந்த நேரத்தில் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். போனைத் திறந்து பார்த்தாள். நேற்றைய தேதி, அம்மாவின் பெயர், வீடியோ அழைப்பு, இருபத்திரண்டு நிமிடம். தூக்கத்தில் விரல் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வேறு என்ன சொல்லிக்கொள்வது?

அம்மா அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக நர்ஸ், பாதிக்கு மேல் நைட் டியூட்டி. மகளின் நாக்கைப் பார்த்தே வயிற்றைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டுமென்றால் முதலில் முகத்தை மறைக்க வேண்டும். அதனால்தான் வெறும் குரல்.

பொய் தொடங்கியது ஒரு புதன்கிழமை. அவள் ஆராய்ச்சி பழ ஈக்களில். விரல் நீளக் கண்ணாடிக் குழாய்களில் வம்சம் வம்சமாக ஈக்களை வளர்த்து, மயக்கி, நுண்ணோக்கியின் அடியில் இறக்கை நரம்புகளை எண்ணுகிற வேலை. முதல் வருடத்திலேயே குழாய்கள் அடுக்கிய இரண்டு தட்டுகளின் சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டாள். இரண்டு வருடம் எண்ணியது முழுக்க வேறு வம்சத்து ஈக்களை. வாராந்தரக் கூட்டத்தில் பேராசிரியர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "முதல்லேர்ந்து ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பேசச் சொன்னார். அன்றைக்கு அம்மா, "சார் என்ன சொன்னார்?" என்று கேட்டபோது, "பாராட்டினார்மா" என்றாள். மறுநாள் ஆய்வகத்துக்குப் போகக் கால் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவளுடையது தொண்ணூறு நாளைத் தாண்டிவிட்டது. தினமும் லேபுக்குப் போகிறேன், எதிர் அறையில் வயலின் படிக்கிற பெண் நல்ல சிநேகிதி, ஏழு மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம், நல்லா இருக்கேன்மா. உண்மையில் வயலின்காரியோடு அவள் தலையசைப்புக்கு மேல் பேசியதில்லை. நாலு மணிக்கே இருட்டிவிடுகிற அந்த வெளிநாட்டு ஊரில், சுவரில் ஹீட்டர் டிக் டிக்கென்று சூடாகிச் சூடாகி ஆறுவதைக் கேட்டபடி, ஈரத் துண்டும் பழைய ரொட்டியும் மணக்கிற அறையில் ஜன்னலைப் பார்த்துப் படுத்துக் கிடப்பதுதான் அவள் செய்துவந்த ஆராய்ச்சி.

அம்மா ஸ்வெட்டரைப் பற்றிச் சொன்ன அன்று தண்ணீர் பிடிக்கப் பொதுச் சமையலறைக்குப் போனாள். அந்த நீளமான தாழ்வாரத்தில் ஆள் அசைவைப் பார்த்துத் தானே எரிகிற விளக்குகள் இருந்தன. ஒன்று எரிந்து, அவள் கடந்ததும் அடுத்தது எரியும். அன்று அவை தாமதித்தன. அவள் இருட்டுக்குள் நாலடி நடந்த பிறகுதான் தலைக்கு மேலே விளக்கு யோசித்து யோசித்துக் கண் திறந்தது. பல்பு பழசாகியிருக்கும் என்று நினைத்தாள். திரும்பி வந்து கதவைச் சாத்தியபோது, கதவின் பின்னால் ஆணியில் தொங்கியது நீல ஸ்வெட்டர்.

கழுத்துவரை மூடுகிற மாதிரி. கனமாக. தொட்டால் வெதுவெதுப்பு, இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டிய மாதிரி. முகர்ந்தாள். அவளுடைய சோப்பு வாசனை. அதற்கடியில் புளித்த மாவும் ஈஸ்டும் கலந்த ஒரு நெடி. ஈக்களுக்கு வைக்கிற தீனியின் நெடி. மூன்று மாதமாக அவள் மூக்கில் படாத அந்த நெடி.

இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடி, குப்பைத் தொட்டியில் போட்டு மூடினாள். மேலே வரும்போது படிக்கட்டில் வயலின்காரி எதிரே வந்தாள். கண்ணைச் சுருக்கி இவளைப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா? மத்தியானம் பாத்தப்போ நல்லாத்தானே இருந்தே?"

"மத்தியானமா? நான் ரூம விட்டு வெளிய வரவே இல்லையே."

வயலின்காரி இதென்ன விளையாட்டு என்பதுபோலச் சிரித்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். "ஏழு மணிக்கு வரேன்" என்ற குரல் கீழேயிருந்து வந்தது. ஏழு மணிக்கு அவள் கதவை யாரும் தட்டவில்லை. ஆனால் எதிர் அறையில் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அதில் ஒரு சிரிப்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன? மறுநாள் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டிவிடுவதென்று முடிவு செய்தாள். அம்மா திட்டுவாள், அழுவாள், பிறகு டிக்கெட் போட்டுக் கிளம்பி வா என்பாள். பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? நினைக்கும்போதே நெஞ்சு லேசானது. போன் அடித்ததும் எடுத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு பாப்பா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளு. டாக்டரம்மாகிட்ட உன் போட்டோவ காட்டினேன். 'சிஸ்டர், உங்க பொண்ணா, இவ்ளோ கெட்டிக்காரியா'ன்னு கேட்டாங்க. முட்டி வலிக்குது, கால் வீங்குது, ஆனா உன் குரலக் கேட்டா அந்த ராத்திரி ஓடிடுது. சரி, என்னமோ சொல்ல வந்தியே?"

ஹீட்டர் டிக் என்றது. தாழ்வாரத்தில் விளக்கு எரிந்தது. கதவடியில் நீண்ட ஒளிக்கீற்றில் இரண்டு நிழல்கள், இரண்டு பாதங்களின் நிழல்கள், வந்து நின்றன. நகரவில்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காதுகொடுத்து நிற்பதுபோல நின்றன.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். "நல்லா இருக்கேன்மா. அதான் சொல்ல வந்தேன்."

பாதங்கள் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தன. பிடித்த பண்டம் கிடைத்த குழந்தை குதிகாலைத் தூக்குமே, அப்படி. பிறகு மெல்ல நகர்ந்து போயின. அவை போன திசையில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக உடனுக்குடன் எரிந்தன. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அது தன் பொய்யைத் தின்று வளர்கிறது. அவள் சொல்லச் சொல்ல, சொன்னதையெல்லாம் அது வாழ்கிறது.

இரண்டு நாள் அம்மாவின் போன் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை அவள் ஆய்வகத்துக்குக் கிளம்பினாள். கண்ணால் பார்த்துவிட வேண்டும், அப்புறம் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். பஸ் நிறுத்தத்தில் கையைக் காட்டியும் பஸ் நிற்காமல் போனது. நடந்தாள். ஆய்வக வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்தாள், சிவப்பு விளக்கு. மறுபடி தேய்த்தாள், சிவப்பு. யாரோ உள்ளே போகும்போது பின்னாலேயே நுழைந்துகொண்டாள். அந்த ஆள் கதவைப் பிடித்து நிறுத்தவில்லை. அவள் தோளில் அது இடித்தபோது, எது தடுக்கிறது என்று கதவைத்தான் பார்த்தான்.

இரண்டு வாரத்துக்கொரு முறை புதுத் தீனிக்கு மாற்றாவிட்டால் ஈக்கள் செத்துவிடும். அவளுடைய தட்டில் மூன்று மாதத்துப் பிணங்கள் இருக்க வேண்டும். குழாய்கள் வரிசையாக, சுத்தமாக, உயிரோடு இருந்தன. உள்ளே கரிய புள்ளிகளாக ஈக்கள் ஏறி இறங்கின. ஒவ்வொன்றிலும் சீட்டு, நேற்றைய தேதி, அவள் கையெழுத்து. குறிப்பேட்டைத் திறந்தாள். எல்லாம் முதலிலிருந்து தொடங்கி, பிழையில்லாமல், பக்கம் பக்கமாக. அந்தப் புதன்கிழமையின் பக்கத்தில் ஒரே வரி. பாராட்டினார்.

பக்கத்து மேஜைக்காரன் நுண்ணோக்கியிலிருந்து தலை எடுக்கவில்லை. பேராசிரியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவள் மேல் பட்டும் படாமல் அவர் பார்வை ஓடியது.

"அந்தப் பொண்ணு கிளம்பிடுச்சா?"

"இப்பதான் சார். அம்மாவுக்குப் போன் பண்ற நேரமாம்."

அவள் ஓடினாள்.

ஓடிக்கொண்டே அம்மாவுக்கு அடித்தாள். எங்கேஜ்டு. மறுபடி அடித்தாள். எங்கேஜ்டு. லேபை எடுத்துக்கொள். ஈக்களை எடுத்துக்கொள். சாரையும் பாராட்டையும் எடுத்துக்கொள். அம்மாவை விட்டுவிடு. தெருவோரப் பனி செருப்புக்குள் இறங்கியது. அவளுக்குச் சில்லிடவில்லை. வாயிலிருந்து எல்லாருக்கும் வருகிற வெண்புகை அவளுக்கு வரவில்லை.

விடுதி. படிகள். தாழ்வாரம்.

இருட்டு. அவள் நடந்தாள். விளக்கு எரியவில்லை. இன்னும் நடந்தாள். எரியவில்லை. கடைசியில் அவள் அறைக் கதவடியில் மட்டும் மஞ்சள் வெளிச்சம்.

சாவி துளைக்குள் போகவில்லை. கதவில் காதை வைத்தாள்.

"சாப்டேன்மா. இன்னிக்கு ரெண்டு தடவை சாப்டேன்." அவளுடைய குரல். அவளுடைய குரலேதான், மூன்று மாதத்துக்கு முந்தைய குரல்.

"நாக்கக் காட்டு" என்றாள் அம்மா. "ம். நல்லா இருக்கு. இப்படிச் சிரிச்சு எத்தன நாளாச்சுடி."

அவள் கதவைத் தட்டினாள். சத்தம் வரவில்லை. முஷ்டியால் அடித்தாள். அம்மா, எல்லாம் பொய்ம்மா, நான் நல்லா இல்லம்மா. தொண்டை கிழியக் கத்தினாள். மூன்று மாதமாகச் சேர்த்துவைத்த உண்மை முழுவதும் வெளியே வந்தது. தாழ்வாரம் அமைதியாக இருந்தது.

பளிச்சென்று விளக்கு எரிந்தது. அவளுக்காக அல்ல. வயலின்காரி இரண்டு தட்டுகளோடு வந்தாள். அவளை இடித்துக்கொண்டு நின்று கதவைத் தட்டினாள். கதவு திறந்தது.

நீல ஸ்வெட்டர். பூசின கன்னம். ஒரு கையில் போன். அதன் திரை வாசலைப் பார்த்தபடி இருந்தது. திரையில் வெள்ளைச் சீருடையில் அம்மா. அம்மா சட்டென்று முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். இருபத்தாறு வருடம் நோயாளிகளைப் பார்த்துப் பழகின கண்கள் நேராக அவளைப் பார்த்தன. அவளையேதான்.

"பாப்பா, அங்க நிக்கிறது யாரு?"

"தட்டு வெச்சிருக்காளே, அவளா? எதிர் ரூம் பொண்ணும்மா."

"அது இல்ல. அதுக்குப் பின்னால. எலும்பும் தோலுமா ஒரு பொண்ணு. பாவம், அது சாப்பிட்டுப் பல நாளாகியிருக்கும் போல."

"அம்மா" என்றாள் அவள்.

நீல ஸ்வெட்டர்காரி தலையைத் திருப்பி அவள் கண்ணுக்குள் பார்த்தாள். சிரித்தாள். "யாருமில்லையேம்மா."

அம்மா இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"என்னமோ மனசு பதறிப்போச்சு. நீ கதவச் சாத்து பாப்பா. குளிரு உள்ள வருது."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. சற்றுப் பொறுத்து, தாழ்வாரத்து விளக்கும் அணைந்தது.

அவள் கையைத் தூக்கி விளக்குக்கு நேரே ஆட்டினாள். மறுபடியும் ஆட்டினாள்.