நாய் போய் ஆடு வந்த காட்சி

பல் மருத்துவமனையில் எனக்கு எட்டரை மணிக்குத்தான் வேலை. ஆனாலும் எட்டுக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அந்த அரை மணி நேரம் 'அரைநினைவு' குழுவுக்கு. எப்போதோ பார்த்த படத்தையும் தொடரையும் பாதி மறந்துவிட்டுத் தவிக்கிறவர்கள் இணையத்தில் அங்கே வந்து கேட்பார்கள். முன்பின் தெரியாத நாங்கள் கண்டுபிடித்துச் சொல்வோம். ஓசூரில் பல்வலிக்காரர்களுக்கு டோக்கன் கொடுக்கும் இந்த ஜெசிந்தாவை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. குழுவில் எனக்குத் தனி மரியாதை.

அன்று முதலில் கேட்டவர் திருநெல்வேலிப் பெண் ஒருவர். கதாநாயகி இடது கையால் எழுதுவாளே, அது எந்தத் தொடர் என்றார். உங்கள் வீட்டில் யாருக்கு இடது கைப் பழக்கம் என்று திருப்பிக் கேட்டேன். தங்கைக்கு என்றார். பாதி வேலை முடிந்தது. நாங்கள் நடிகர் பெயரையோ பாட்டையோ முதலில் கேட்பதில்லை. அறையில் யார் யார் இருந்தார்கள் என்றுதான் கேட்போம்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வீடு இணங்குதிரை இருந்தது. அதன் மேல்விளிம்பில் ஒரு திரைக்கண். அறையை வாசல்வரை பார்த்துக்கொண்டே இருக்கும். முகப்பதிவு செய்த வீட்டாரில் யார் கண்ணில் பட்டாலும், அவருக்கு ஏற்றபடி கதையை அந்தக் கணமே மாற்றிவிடும். ரத்தம் பார்த்தால் மயங்குகிற அத்தை உள்ளே வந்தால் வெட்டுக்குத்து பஞ்சாயத்தாகிவிடும். மூலக்கதை ஊருக்கெல்லாம் ஒன்று, வீட்டில் ஓடியது வேறு. ஓடி முடிந்ததும் அதுவும் அழிந்துவிடும். பிறகு சட்டம் வந்து அந்தத் திரைகளையே ஒழித்தது. ஆளுக்கொரு நினைவுதான் மிச்சம்.

குழுவில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஏன் தேடுகிறோம் என்று கேட்பவர் சொல்லக் கூடாது. காரணம் தெரிந்தால் கேட்பவருக்குப் பிடித்த பதிலாகப் பார்த்துச் சொல்லிவிடுவோம். நாங்களும் கொஞ்சம் இணங்குதிரைகள்தான்.

இரண்டாவதாக வந்தவர் திருமேனி. சிவகாசியில் அச்சக வேலை, நாற்பது வயது. விதியை மதித்துக் காரணம் சொல்லவில்லை. எனக்குப் பிறகுதான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருடைய ஏழு வயதில் வீட்டைவிட்டுப் போன அம்மா, இப்போது நாகர்கோவிலிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். உடம்பு முடியவில்லை, ஒரு தடவை வந்து பார் என்று. போனவள் திரும்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அப்பா சாகும்வரை சொன்னார். இல்லை, இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் வாசல்வரை வந்தேன், நீ 'கரைக்காவல்' பார்த்துக்கொண்டிருந்தாய் என்றது கடிதம். ஊரே பார்த்த தொடர். யார் வேண்டுமானாலும் அப்படி எழுதலாம். அது பொய்யென்றால் போவதில்லை என்று திருமேனி முடிவு செய்திருந்தார்.

அவர் கேட்டது இவ்வளவுதான். 'கரைக்காவல்' தொடரில் கலங்கரை விளக்கக் காவலரோடு எப்போதும் ஒரு நாய் வரும். அவர் நினைவில் மட்டும் ஒரு காட்சியில் நாய் காணாமல் போய், அதே இடத்தில் ஆடு நிற்கிறது. அடுத்த காட்சியில் மறுபடி நாய். ஏன்?

அறையில் யார் என்று கேட்டேன். தான் மட்டும்தான், அப்பா அடுப்படியில் சமைத்துக்கொண்டிருந்தார் என்றார். இருவருக்கும் நாய் என்றால் உயிராம். திரைக்கோளாறு என்று எழுதிவிட்டேன். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்து மணிக்கு ஊசியென்றாலே நடுங்கும் ஓர் அம்மாள் உள்ளே நுழைந்தார். டாக்டர் சட்டென்று கையிலிருந்த ஊசியைத் துண்டுக்கு அடியில் தள்ளினார். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. கோளாறு என்றால் திரை உறையும், வசனம் திக்கும். நாய் அவ்வளவு அழகாக ஆடாகாது. என் அவசரப் புத்தியை நொந்துகொண்டு திருமேனியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அது கோளாறு இல்ல தம்பி, யாரோ வந்திருக்காங்க. வேத்து ஆளுக்காக அந்தத் திரை மாறாது. முகம் பதிஞ்சவங்க வந்தாத்தான் மாறும். உங்க வீட்டுல வேற யார் முகம் பதிஞ்சிருந்துச்சு?"

அச்சு இயந்திரச் சத்தத்துக்கு மேல் அவர் குரல் வந்தது.

"அம்மாவோடது. அப்பா அதை அழிக்கவே இல்ல."

"அவங்களுக்கு நாய்னா பயமா?"

"தெருவுல நாய் நின்னா, என்னைத் தூக்கிக்கிட்டு அடுத்த தெரு வழியாச் சுத்தி வருவாங்க."

பிறகு அவர் விதியை மீறி எல்லாவற்றையும் சொன்னார். அப்பா பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது என்று முதலில் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி இருந்தது. கடிதத்தில் இன்னும் ஒரு வரி இருந்ததாம். நீ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாய், நான் இல்லாமலே நன்றாக இருக்கிறாய் என்று திரும்பிவிட்டேன் என்று. அந்த வரிதான் அவருக்கு ஆத்திரம். அம்மா போன பிறகு அந்த வீட்டில் யார் சிரித்தார்கள் என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டாராம்.

"ஆனா அன்னைக்குச் சிரிச்சேன்க்கா. திருடன் சட்டைய மோந்து பாருன்னு காவலர் ஆட்டுகிட்ட குடுப்பாரு. அது சட்டையத் தின்னுடும். அதைப் பார்த்துதான் சிரிச்சேன்."

அந்த அம்மா வந்து நின்றதால்தான் ஆடு வந்தது. ஆடு வந்ததால்தான் பிள்ளை சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவர் திரும்பிப் போனார். முதுகுக்குப் பின்னால் நின்றவரைத் திரை பார்த்தது, பிள்ளை பார்க்கவில்லை. மேசையில் உட்கார்ந்து நான் அழுவதைப் பார்த்து, டோக்கன் வாங்க வந்தவர் உங்கள் பல்லுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

மதியம் பஸ் ஏறுகிறேன் என்றார் திருமேனி. போய் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன்.

"அந்த ஆட்டைப் பத்தித்தான்க்கா. அவங்க வந்ததுனாலதான் நான் சிரிச்சேன்னு அவங்களுக்குத் தெரியாதுல்ல."