வலம்புரிக் கள்ளி யாருடையது?

வெள்ளிக்கிழமை மாலை யார்மிலா கதவைத் தட்டியபோது, ஹனுஷ் அடுப்படியில் ஸ்ட்ராபெரி வைத்த கொழுக்கட்டைகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தார். ப்ர்னோ நகரப் போலீசில் கைரேகைப் பிரிவிலேயே காலத்தைத் தள்ளி ஓய்வு பெற்றவர் அவர். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். மேஜையில் பீருடன் உட்கார்ந்திருந்த மச்சான் போஹுஷ் அதற்கு நேர் எதிர். டிராம் ஓட்டுகிற வேலை. விஷயம் முழுதாகக் காதில் விழுமுன் யாரையாவது பிடித்து உள்ளே தள்ளிவிடத் துடிப்பான்.

யார்மிலா பல் டாக்டரிடம் நர்ஸாக இருப்பவள். எத்தனையோ பேர் வலியில் அலறுவதைப் பார்த்தும் முகம் மாறாதவள். அன்றைக்கு அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க ஐயா. அதுவும் சங்கத்துல, அத்தனை பேர் முன்னாடி."

"உக்காரும்மா. எந்தச் சங்கம்?"

"கள்ளிச் சங்கம்தான். நாளைக்குக் கண்காட்சி. என் செடியக் கொண்டுபோய் வச்சேன். நட்சத்திரக் கள்ளி, விதை போட்டு ஒன்பது வருஷமா குளியலறை ஜன்னல்ல வளத்தது. வரப்பு மாதிரி எழும்பி நிக்குற எட்டு விலாவும் வலம்புரியா முறுக்கிக்கிட்டு வந்திருக்கு. அந்த மாதிரி எத்தனை விதை போட்டாலும் கிடைக்காது. வச்சுட்டுத் திரும்பல, ப்ரொஜெக்டர் போடுற சிரில் கத்துறான், 'அய்யோ, இது தலைவரோட செடியாச்சே'ன்னு!"

"தலைவர் யாரு?"

"லூமிர். அவர்கிட்டயும் முறுக்கின நட்சத்திரக் கள்ளி ஒண்ணு இருந்துச்சு. பிப்ரவரி கடைசில காணாமப் போச்சு. அவர் வெந்நீர் ஊற்றுல வைத்தியம் பண்ணிக்கப் போயிருந்தப்போ கண்ணாடி வீட்டுச் சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

போஹுஷ் பீரைக் கீழே வைத்தான். அவன் மனத்தில் தீர்ப்பே எழுதியாகிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"சாவி எதுக்கு?" என்றார் ஹனுஷ்.

"கணப்பு அணையாமப் பாத்துக்க. வேற ஒண்ணும் தொடக் கூடாது. குளிர்காலத்துல கள்ளிக்குச் சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது, அது சங்கத்துல வேதம். நான் சாவியத் திருப்பிக் குடுத்தன்னைக்கு அந்தச் செடி அங்கதான் இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் பட்டினில சுருங்கிக் கெடக்கு, அது மட்டும் கும்முனு பளபளன்னு இருந்துச்சு. அதோட, அது இடம்புரி. என்னோடது வலம்புரி."

"வேற யாரும் அதக் கவனிச்சாங்களா?"

"முறுக்கியிருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். எந்தப் பக்கம்னு யார் பாத்தா? கண்ணாடிக்கு வெளில நிக்க வச்சுத்தான் அவர் காட்டுவார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூட்டம் வச்சு முடிவு பண்றாங்க. அதுவரைக்கும் என் செடியக் கண்ணாடிப் பெட்டில பூட்டி வச்சிருக்காங்க. செடி போனாக்கூட அழுதுட்டு விட்டுடுவேன் ஐயா. எல்லாரும் தெரிஞ்சவங்களா இருக்கிற இந்தப் பேட்டைல திருடின்னு பேர் வாங்கிட்டு யார் வாயில நான் கைய வைக்கிறது?"

அவள் போன பிறகு போஹுஷ் வாயைத் திறந்தான். "மச்சான், இதுல துப்பறிய என்ன இருக்கு? சாவி அவகிட்ட, செடி அவகிட்ட. இடம்புரி வலம்புரின்னு கதை விடுறா."

"கொழுக்கட்டை ஆறுது, சாப்பிடு," என்றார் ஹனுஷ்.

மறுநாள் காலை இருவரும் லூமிர் வீட்டுக்குப் போனார்கள். நெடுநெடுவென்ற மனிதர், சாம்பல் நிறத் தோட்டக் கோட்டு. கோட்டுக்கு மார்பில் ஒரே ஒரு பை, இதயத்துக்கு நேராக. அதில் மகரந்தம் தடவுகிற மெல்லிய பிரஷ் ஒன்று குத்தியிருந்தது. கோட்டைக் கழற்றினாலும் பிரஷைக் கழற்ற மாட்டார் என்று ஊரில் கேலி உண்டு.

கண்ணாடி வீட்டுக் கதவில் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு. "அக்டோபர் முதல் மார்ச் வரை தண்ணீர் ஊற்றுபவன் கொலைகாரன்." கீழே லூமிரின் கையெழுத்து.

"ரொம்பக் கடுமையா இருக்கே," என்றான் போஹுஷ்.

"முப்பது வருஷமா இதத்தான் கத்திக்கிட்டிருக்கேன். யார் கேக்குறா? போன வருஷம்கூட ஒருத்தன் ஜனவரில தண்ணி காட்டி மொத்தத்தையும் அழுக விட்டான். சங்கத்தை விட்டே தூக்கிட்டேன்." லூமிர் அதைச் சொல்லும்போது ஏனோ போஹுஷைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

உள்ளே ஆயிரக்கணக்கில் செடிகள். ஒவ்வொரு தொட்டியிலும் பெயர்ச்சீட்டு. காலித் தொட்டிகளில்கூட, 'இது இன்ன செடி, இன்ன வருஷம் செத்தது' என்று சீட்டு நின்றது. லூமிர் ஒரு காலித் தொட்டியை எடுத்து நீட்டினார்.

"இதுதான். திருடன் பிடுங்கக்கூட இல்ல, கத்தியால அறுத்துட்டுப் போயிருக்கான். வேர் உள்ளயே கெடக்கு."

ஹனுஷ் மண்ணைக் கிளறினார். வேர்கள் காய்ந்து கறுத்துக் கிடந்தன. விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"வேர் இல்லாம நட்டா வருமா?"

"ஏன் வராது? பிப்ரவரிலேர்ந்து இந்த நாலு மாசத்துல புது வேர் விட்டிருக்கும். அவ செடியோட வேரப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, அதையும் சொல்லிடறேன்."

மூலையில், பச்சைத் தூண் கள்ளிகளின் உச்சியில் சின்னச் செடிகளை ஒட்டு வைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார். வேர் வலுவில்லாத செடியைப் பிழைக்க வைக்க இவர்கள் கையாளுகிற வழி அது. வரிசைக் கடைசியில் ஒன்றுக்கு மட்டும் காகிதக் குல்லாய். அந்தத் தொட்டியில் சீட்டு இல்லை. போஹுஷ் குல்லாயை எடுக்கக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!" லூமிர் பாய்ந்து வந்தார். "இளசு. வெயில் பட்டா வெந்துரும்."

திரும்பி வருகையில் போஹுஷ் பொறுமினான். "வேர வச்சும் பிடிக்க முடியாதுங்கறாரு. அப்போ எத வச்சு மச்சான் பிடிக்கிறது?"

"அத எதுக்கு நாம கேக்குறதுக்கு முன்னாடியே சொன்னாரு?" என்றார் ஹனுஷ். போஹுஷுக்கு அது பிடிபடவில்லை. டிராம் வந்ததும் ஏறிக்கொண்டார்கள்.

ஞாயிறு மதியம், பீர்க்கடையை ஒட்டிய கூடத்தில் சங்கம் கூடியது. நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் யார்மிலாவின் கள்ளி, உச்சியில் ஒரு மஞ்சள் மொட்டோடு. ஒருவரும் அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. பல் பிடுங்க அவளிடம் போய் நின்றவர்கள்தான் அத்தனை பேரும். அன்றைக்கு அவள் யாரோ எவரோ ஆகிவிட்டாள். நினைத்தால் ஆத்திரம்தான் வரும்.

லூமிர் மேடையில் எழுந்தார். "பேச்சு வேண்டாம். நாலு வருஷத்துக்கு முன்னாடி என் செடியோட எடுத்த ஸ்லைடு இருக்கு. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். சிரில் ப்ரொஜெக்டர் விளக்கைப் போட்டான். திரையில் லூமிர் சிரித்தபடி நின்றார். அதே சாம்பல் கோட்டு, வலது மார்பில் பிரஷ், கைகளில் தொட்டி. தொட்டியில் முறுக்கிய நட்சத்திரக் கள்ளி. எட்டு விலாவும் வலம்புரி.

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. யார்மிலா எழுந்து நின்றாள். "இல்ல! அது இடம்புரி! நான் என் கண்ணால பாத்தேன்!"

"படம் பொய் சொல்லுமா?" என்றார் ஒருவர். "உக்காரும்மா, போதும்," என்றார் இன்னொருவர்.

போஹுஷ் ஹனுஷின் காதில், "நான்தான் அன்னைக்கே சொன்னேனே," என்றான். ஹனுஷ் எழுந்து, அவசரமே இல்லாமல் ப்ரொஜெக்டர் அருகே போனார்.

"சிரில், ஸ்லைட எந்தப் பக்கமா செருகணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மூலைல சிவப்புப் புள்ளி இருக்கும் ஐயா. சங்க வழக்கம். புள்ளி கட்டைவிரலுக்கடில வர்ற மாதிரி பிடிச்சுச் செருகணும்."

"உன் பெட்டில இருக்கிற மத்த ஸ்லைடெல்லாம் அட்டைச் சட்டம் பழுப்பேறி இருக்கு. இது மட்டும் பளிச்சுனு வெள்ளையா இருக்கே?"

"ஆமா... இத நேத்துத்தான் தலைவர் கொண்டுவந்து குடுத்தாரு."

"நாலு வருஷப் படத்துக்கு நேத்துப் புதுச் சட்டம்." ஹனுஷ் திரையைக் காட்டினார். "தலைவரோட பிரஷ் எந்த மார்புல இருக்கு, பாருங்க."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு மேடையில் நிற்கும் லூமிரைப் பார்த்தார்கள். அவர் கை தானாகவே போய் இடது மார்பைப் பொத்திக்கொண்டது.

"கோட்டுக்கு ஒரே பை. அது இடது பக்கம். படத்துல வலது பக்கம் வந்திருக்கு. பை இடம் மாறாது. அப்போ மாறினது எது? சிரில், புள்ளிய மறந்துட்டு, ஸ்லைட முன்பின்னா திருப்பிப் போடு."

சிரில் திருப்பிப் போட்டான். திரையில் பிரஷ் இடது மார்புக்குப் போயிற்று. அதோடு கூடவே எட்டு விலாவும் மறுபக்கம் முறுக்கிக்கொண்டன. இடம்புரி.

போஹுஷ் எல்லோருக்கும் கேட்கும்படி, "அடப்பாவி!" என்றான்.

"பொறந்தப்ப எந்தப் பக்கம் முறுக்கிச்சோ, சாகுற வரைக்கும் இந்தக் கள்ளிக்கு அந்தப் பக்கம்தான்," என்றார் ஹனுஷ். "யார்மிலா செடி அவங்க செடிதான். அப்போ தலைவர் செடி எங்க? காலித் தொட்டிய நான் மோந்து பாத்தேன். வேர் அழுகி அப்புறம் காஞ்சிருக்கு. நல்ல செடியத் திருடுறவன் அழுகின செடிய அறுத்துட்டுப் போவானா? அடி அழுகினா மேல் பாகத்த அறுத்து ஒட்டு வச்சுக் காப்பாத்துறது வளக்கிறவங்க பண்ற வேலை. செத்த செடிக்குக்கூட சீட்டு எழுதுற மனுஷர் வீட்டுல சீட்டு இல்லாத ஒட்டு ஒண்ணே ஒண்ணு. அதுக்கும் தலைல குல்லாய். வாங்க, பக்கத்துத் தெருதான். எல்லாருமா போய்க் குல்லாயத் தூக்கிப் பாப்போம்."

"வேண்டாம்!" லூமிர் கத்தினார். "இந்த வெயில்ல தூக்காதீங்க. இப்பத்தான் கொஞ்சம் தேறிக்கிட்டிருக்கு." சொல்லி முடித்தபின்தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. நாற்காலியில் சரிந்தார்.

"திருடு போகல. ஊர்லேர்ந்து வந்து பாத்தேன், அடி குழைஞ்சு கெடந்துச்சு. வெக்கமா இருந்துச்சு, காணாமப் போச்சுன்னு சொல்லிட்டேன். யார் பேரையும் சொல்லணும்னு நெனைக்கல. வெள்ளிக்கிழமை சிரில் கத்துனான். எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாங்க. இல்லன்னு சொன்னா, அப்போ உன்னோடது எங்கன்னு கேப்பாங்களே. ஆமான்னு தலையாட்டிட்டேன். அப்புறம் ஸ்லைடையும் புதுச் சட்டத்துல திருப்பிப் போட்டு, புள்ளிய மாத்தி வச்சேன். யார்மிலா, மன்னிச்சுக்கம்மா."

இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கூடத்தில் தலைகள் ஆடின. பெரிய மனுஷர் ஒப்புக்கொண்டாரே என்கிற மாதிரி.

"ஏன் அழுகிச்சு?" என்றார் ஹனுஷ்.

பொய்யையும் புரட்டையும் ஒப்புக்கொண்ட லூமிரின் வாய் இதற்குத் திறக்க மறுத்தது.

யார்மிலா மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். "அதையும் சொல்லிடுங்க. செடி அழுகினது சாவி என்கிட்ட இருந்த நாள்ல. சொல்லாம விட்டா, நான்தான் தண்ணி ஊத்திக் கொன்னேன்னு நாளைக்குப் பேசுவாங்க. திருடி போய்க் கொலைகாரின்னு ஆகும். அத எழுதி ஒட்டினதே நீங்கதானே?"

லூமிர் பையிலிருந்த பிரஷை உருவி மேஜையில் வைத்தார். "நான்தான். கண்காட்சில பெருசாக் காட்டணும்னு ஆசை. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி... பிப்ரவரில... தண்ணி ஊத்தினேன்."

அதுவரை அடங்கியிருந்த கூடம் அலறியது. பொய் சொன்னதற்கு முகம் சுளிக்காதவர்கள் இதற்கு எழுந்து நின்றார்கள். "பிப்ரவரிலயா? நீங்களா!" என்று சிரில் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார், சாவு வீட்டில் கழற்றுகிற மாதிரி. பிறகு மெல்ல ஒருவர், "நானும் ஒரு தடவ..." என்று ஆரம்பித்தார். "எனக்கும் எண்பத்தேழுல..." என்றார் மற்றொருவர். சற்று நேரத்தில் எல்லோரும் லூமிரைச் சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு ஊற்றினீர்கள், வெந்நீரா பச்சைத் தண்ணீரா, ஒட்டு பிடித்ததா என்று ஆளாளுக்கு விசாரணை. ஒருவர் அவருக்குப் பீர்கூட வாங்கி வந்தார்.

கண்ணாடிப் பெட்டியருகே யார்மிலா தனியாக நின்றாள். பெட்டி இன்னும் பூட்டித்தான் இருந்தது. ஹனுஷ் அவளைப் பார்த்தார். வாயைத் திறக்கப்போன போஹுஷின் கையைப் பிடித்து அமர்த்தினார்.

யார்மிலா பக்கத்து மேஜையிலிருந்த பீர்க் குவளையை எடுத்து ஓங்கி வைத்தாள். கூடம் திரும்பிப் பார்த்தது.

"வாயில பஞ்சு வச்சா மட்டும்தான் என் முன்னாடி சும்மா இருப்பீங்களா எல்லாரும்? மூணு நாளா என்னைத் திருடின்னீங்க. அவருக்கு ஆறுதல் சொல்லி முடிஞ்சதும் வரிசையா வாங்க. ஒவ்வொருத்தரா மன்னிப்புக் கேட்டுட்டு வெளில போங்க. கடைசில வர்றவர் பூட்டத் திறந்து என் செடிய என் கையில குடுக்கணும்."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. வரிசை கதவு வரைக்கும் நின்றது. முதல் ஆளாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் போஹுஷ்.

"நீங்க சங்கத்துலயே இல்லையே," என்றாள் யார்மிலா.

"வெள்ளிக்கிழமையே மனசுக்குள்ள உங்களத் திருடின்னு சொல்லிட்டேன்மா," என்றான் அவன்.