பாதி காலியாக ஒரு எஸ்.எஸ்.டி.

திவ்யலட்சுமி படிப்பது ஆறாம் வகுப்பு. அவள் வாய் படிப்பது பத்தாம் வகுப்பு. அதனால்தான் பிரேமா டீச்சர், "வீட்டில் புதிதாக வாங்கிய பொருள் ஒன்றைப் பரிசோதித்து, பத்துக்கு எத்தனை மார்க் என்று வகுப்பில் சொல்லுங்கள்" என்றபோது, முதலில் கை தூக்கியவள் அவள்தான்.

மற்றவர்கள் குடை, டார்ச், தண்ணீர் பாட்டில் என்று யோசித்தார்கள். திவ்யா மட்டும், அப்பா பட்டாபி தன் பழைய லேப்டாப்புக்கு வாங்கி வைத்திருந்த எஸ்.எஸ்.டி.யை எடுத்தாள். லேப்டாப்பில் இருக்கும் கணக்கு, படம், பாட்டு எல்லாம் குடியிருக்கும் வீடு அது. உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி.

"பார்த்துட்டு அப்படியே வெச்சுடு. திறக்கப்படாது, கேட்டியா?" என்றார் அப்பா.

கேட்டாள். ஆனால் கையில் எடுத்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் அம்மா பாத்திரம் வாங்கும்போது ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்ப்பாள். "கனமே இல்லை, வெறும் தகடு" என்று திருப்பி வைப்பாள். இந்தப் பெட்டியிலும் கனமே இல்லை!

அப்பா மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருந்த குட்டி ஸ்க்ரூடிரைவர் கைக்கு வந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழிந்தது. மூடி திறந்தது. உள்ளே சின்னதாக ஒரு பச்சை அட்டை. பெட்டியில் பாதிகூட இல்லை. மீதி வெறும் காற்று!

மறுநாள் வகுப்பில் எல்லோரும் பார்க்க அவள் மூடியைத் திறந்தாள்.

"இதுக்கு நான் தர்ற மார்க் ரெண்டு. பாதிப் பெட்டி காலி! கடைக்காரர் எங்கப்பாவை நன்னா ஏமாத்திட்டார்!"

வகுப்பு சிரித்தது. "எந்தக் கடை?" என்று கேட்டான் மஹேஷ்.

"கரமனையில வீரபாண்டி கடை."

வாய் சொல்லி முடித்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. வீரபாண்டி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஷிஜாவின் அப்பா.

"அய்யே! ஷிஜாவோட அச்சன் கடையல்லே அது?" என்றான் மஹேஷ், தன் மலையாளம் கலந்த தமிழில்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ஷிஜா குனிந்தவள் நிமிரவே இல்லை.

"லேப்டாப்ல போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்லை டீச்சர்."

"அப்போ பரிசோதனை முடியலை. நாளைக்கு வந்து சொல்லு."

மதியம் ஷிஜா வேறு பெஞ்சில் போய்ச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்து அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு! இனிமே கெட்டுப்போனா மாத்தித் தர மாட்டாளே!"

"உள்ளே பாருங்கோப்பா. பாதி காலி."

பார்த்தார். அவர் முகம் சிவந்தது. "வீரபாண்டியா இப்படி? இப்பவே ஃபோன் பண்ணிக் கேக்கறேன்!"

திவ்யாவுக்கு ஷிஜாவின் குனிந்த தலை கண்ணில் வந்து நின்றது. "வேண்டாம்ப்பா! மொதல்ல போட்டுப் பார்த்துடலாம்."

அப்பா லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பழைய ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்தார். நல்ல கனம். "இதுக்குள்ளே ஒரு தட்டு சுத்திண்டே இருக்கும். அதான் கிர்கிர்னு சத்தம்" என்றார்.

அந்த இடத்தில் திவ்யா பச்சை அட்டையை மட்டும் வைத்துப் பார்த்தாள். பிடிப்பில்லாமல் லொடலொட என்று ஆடியது. திரும்பப் பெட்டிக்குள் வைத்து, மூடியைப் போட்டுச் செருகினாள். டக்! அசையவில்லை. பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்தாள். நீளமும் அகலமும் ஒன்றேதான்.

"அப்பா, புதுசுல சுத்தற தட்டே இல்லை. அதான் சின்ன அட்டையே போறும். பழைய இடத்துல ஆடாம உக்காரத்தான் பெட்டி பெரிசு!"

அப்பா ஏதேதோ செய்து லேப்டாப்பைத் தயாராக்கினார். முன்பெல்லாம் அதைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். இன்று துண்டை எடுப்பதற்குள் திரை பளிச்சென்று வந்துவிட்டது. சத்தமே இல்லை. அப்பாவுக்கு ஒரே குஷி. ஃபோனைத் தூரமாக வைத்துவிட்டார்.

திவ்யாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. யாரும் பார்க்காமலே காது சுட்டது. இந்த நாக்கை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது என்று இருந்தது. ஒரு நல்ல மனிதரைப் பார்த்து ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டோமே!

மறுநாள் அப்பாவிடம் கெஞ்சி லேப்டாப்பையும் பழைய ஹார்டு டிஸ்க்கையும் பள்ளிக்கு எடுத்துப் போனாள். வகுப்பின் முன்னால் நின்று எல்லாவற்றையும் காட்டினாள்.

"இதுக்கு ஒம்பது மார்க். 'உள்ளே காலியா இருக்கும், பயப்படாதே'ன்னு மேலே எழுதலை, அதுக்கு ஒரு மார்க் கம்மி. பரிசோதனை பண்ணின எனக்கு முட்டை. வீரபாண்டி மாமா யாரையும் ஏமாத்தலை. நான்தான் தெரியாம உளறினேன். ஷிஜா, மன்னிச்சுடு."

மஹேஷ் "அடிபொளி!" என்று கை தட்டினான். ஷிஜாவோ ஓவென்று அழுதாள்.

மதியம் திவ்யா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இன்னும் கோவமா?"

"ஒம்மேல இல்லட்டி" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள் ஷிஜா. "நீ சொன்னத நானும் நம்பிட்டேன். நேத்து அப்பா பழம்பொரி வாங்கிட்டு வந்தாரு. ஏமாத்துன காசுல வாங்கினதுன்னு நெனச்சு, வேண்டாம்னுட்டேன். அப்பா முகமே வாடிப் போச்சு."

திவ்யாவுக்குத் தரைக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. தன் வாய் அந்த வீடு வரைக்கும் போய்விட்டதா? "சாயங்காலம் கடைக்குப் போலாம். நானும் வரேன்" என்றாள்.

கடையில் வீரபாண்டி ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஷிஜா வாசலிலேயே நின்றுவிட்டாள். திவ்யாவே எல்லாவற்றையும் சொன்னாள், ஸ்டிக்கரைக் கிழித்தது உட்பட.

அவர் திவ்யாவைத் திட்டவில்லை. மகளைத்தான் பார்த்தார். "நீயுமா மக்ளே அப்படி நெனச்ச?"

"ஆமாப்பா" என்றாள் ஷிஜா. ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அவர் கீபோர்டை வைத்துவிட்டு அவள் தலையைத் தடவினார். அப்புறம் எதிர்த்த டீக்கடைக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த, சுடச்சுடப் பழம்பொரி.

திவ்யா பழக்கதோஷத்தில் தன்னுடையதைத் தூக்கிக் கனம் பார்த்தாள். ஷிஜா முறைத்த முறைப்பில் சட்டென்று வாயில் போட்டுக்கொண்டாள்.

ஷிஜா தன் பங்கைத் தின்று முடித்துவிட்டு மறுபடியும் கை நீட்டினாள்.

"இது எதுக்கு?" என்றார் வீரபாண்டி.

"நேத்து வேண்டாம்னேனே, அது."