ஃபில்டரில் தங்கிய மூச்சு

குமிழைக் கடைசிவரை இறக்கினால் சத்தம் செத்துப்போக வேண்டும். அதுதான் முறை. லேப்டாப் திரையில் இருந்த அந்த வட்டக் குமிழை ஆன்றோ மவுஸால் பிடித்து இடது கோடிவரை திருப்பினான். கீச்சென்றிருந்ததெல்லாம் முதலில் போயிற்று, பிறகு நடுச்சத்தம் போயிற்று, ஃபிரிட்ஜ் உறுமுவது போல அடியில் கிடந்த சத்தமும் மெல்ல மெல்ல அமிழ்ந்து போயிற்று. ஆனால் எல்லாம் அடங்கிய அந்த இடத்தில், ஹெட்போனுக்குள், காது மடலுக்கு வெகு பக்கத்தில், ஏதோ ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

தூங்குகிறவர் மூச்சு மாதிரி இல்லை, பிள்ளைகளா. உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவர் மூச்சு மாதிரி.

வளைகுடாவில், ரோலா பகுதியில், பிளைவுட் தட்டி அடித்துப் பிரித்த ரூம் அது. வெள்ளிக்கிழமை மதியம். வெளியே மணல்காற்று தெருவைச் செம்மஞ்சளாக மூடியிருந்தது. ரூமில் கூட இருக்கும் சுஐபு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பி, கண்ணாடியைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"வாரமெல்லாம் ஏசி ஃபில்டர் கழுவுத. லீவு நாளும் ஃபில்டரா மச்சான்?"

"இது வேற ஃபில்டர்டே. சத்தத்தை வெட்டுதது."

"ஊருல உள்ளவன் சத்தம் பத்தலன்னு ஸ்பீக்கர் வாங்குவான். நீ இருக்குற சத்தத்தையும் வெட்டுத. நல்லா வருவ போ!"

சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

ஆன்றோ ஏசி மெக்கானிக். சபையின் கிறிஸ்மஸ் பாட்டுக்குப் பின்னணி அமைத்துத் தருவதாக ஒத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குள்ளேயே சத்தங்களை உண்டாக்கி மாற்றும் சிந்தசைசரைத் தானாகப் படித்துக்கொண்டிருந்தான். லோ-பாஸ் அடிச்சத்தத்தை விட்டு மேலே உள்ளதை வெட்டும். ஹை-பாஸ் அதற்கு நேர் எதிர். பேண்ட்-பாஸ் கதவிடுக்கு மாதிரி, ஒரு கீற்றை மட்டும் உள்ளே விடும். நாட்ச் அந்தக் கீற்றை மட்டும் பிடுங்கி எடுத்துவிட்டு மற்றதை விட்டுவைக்கும். இவ்வளவும் கற்றுக்கொண்டான். ஆனால் தன் தொழிலில் தினமும் பார்க்கும் ஒன்றை மறந்துவிட்டான். ஃபில்டரில் மாட்டிய அழுக்கு எங்கேயும் போய்விடுவதில்லை. வலையிலேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அன்று அவன் வெட்டிக்கொண்டிருந்தது அவன் மனைவி ஜெஸ்மியின் ரூம் சத்தத்தை. அவள் எல்லைக்கு அந்தப் பக்கம், ஓமானில், சோஹாரில் நர்ஸ். மாசமாக இருக்கிறாள். இருவருக்கும் லீவு வாய்த்தால் வீடியோ காலைப் போட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். பேச ஒன்றும் இருக்காது. அவள் பாத்திரம் கழுவுவாள், இவன் துணி மடிப்பான், பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி அந்தச் சத்தமே போதும். அப்படி ஒருநாள் அவள் தூங்கும்போது வந்த இரைச்சலைத்தான் பதிந்துவைத்து, பாட்டுக்குள் அவளும் இருக்கட்டும் என்று சிந்தசைசருக்குக் கொடுத்திருந்தான்.

இன்றும் லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனில், அவளும் கூட வேலை பார்க்கும் ஷிரினும் தங்கியிருந்த ரூமின் மேல்கூரை மட்டும் தெரிந்தது.

"ஜெஸ்மி, ரூம்ல யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? ஷிரின் டூட்டிக்குப் போயிட்டா. நானும் உங்க பிள்ளையும்தான். ஏங்க?"

"சும்மாதான்."

ஃபோனை ஒயரில் லேப்டாப்போடு சேர்த்து, அவள் பேசுவதையே ஃபில்டருக்குள் விட்டான். பேண்ட்-பாஸ். இடுக்கை மேலும் கீழுமாக நகர்த்தினான். ஃபேன் வந்தது, போனது. தெருவில் ஒரு வண்டி வந்தது, போனது. பிறகு அந்த மூச்சு. இடுக்கை இன்னும் ஒடுக்கினான். ரெசொனன்ஸை ஏற்றினான், அதை ஏற்றினால் வெட்டுகிற இடமே பாடத் தொடங்கும். பாடவில்லை. பேசியது.

"ஒரே அசதியா இருக்குங்க," என்றாள் ஜெஸ்மி.

"அசதியா இருக்குங்க," என்றது அந்தக் கீற்று, ஒரு சொல் பிந்தி, பால் மணம் மாறாத பிள்ளை ஒப்பிப்பது போல.

அவன் மவுஸை விட்டுக் கையை எடுத்தான்.

எதிரொலியாக இருக்கும். லைன் கோளாறாக இருக்கும். அப்படித்தானே நாமும் நினைப்போம்? ஏசியின் குளிர் பிடரியில் இறங்கியது. தட்டிக்கு அப்பாலிருந்து யாரோ மீன் பொரிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது, அது ஒன்றுதான் உலகம் இன்னும் பழைய உலகமாகவே இருப்பதற்கு ஆதாரம் மாதிரி அவன் அதை இழுத்து இழுத்து முகர்ந்தான்.

"நான் கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிடுதேன்," என்றாள் அவள். இந்தத் தடவை இரண்டும் சேர்ந்தே ஒலித்தன.

"ஜெஸ்மி, எந்திரி. வெளிய போய் நில்லு."

"முதுகு வலிக்குதுங்க," என்றது கீற்று.

அதற்குப் பிறகுதான் ஜெஸ்மி சொன்னாள். "முதுகு வலிக்குதுங்க."

முந்திக்கொண்டது.

வெட்டிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்குத் தோன்றியது. நாட்ச்சைப் போட்டு, அந்தக் கீற்றின்மேல் சரியாக வைத்து, அடிவரை அழுத்தினான்.

அமைதி.

பிறகு அவள் குரல். இவ்வளவு தெளிவாக அவள் குரல் ஒருநாளும் கேட்டதில்லை.

"இப்ப நல்லா கேக்குது. சாப்ட்டியளா?"

ஆன்றோவுக்கு அழுகையே வந்துவிட்டது. "இல்லட்டி. ஃபோனைத் தூக்கு. உன் முகத்தைக் காட்டு."

"ஏன், அதுக்குள்ள மறந்துபோச்சா?"

படம் ஆடியது. மேல்கூரை சரிந்தது. ஜெஸ்மியின் முகம் வந்தது.

வாய் முழுவதும் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கத்திக்கொண்டிருந்தாள்.

சத்தமே இல்லை. நாட்ச் வெட்டியது அவள் சத்தத்தைத்தான்.

"பயப்படாதிய," என்றது அவள் குரல். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

நாட்ச்சை எடுத்தான். குமிழ்களையெல்லாம் முழுக்கத் திறந்தான். ஒயரைப் பிடுங்கினான். லேப்டாப்பை அறைந்து மூடினான். இப்போது ஃபோனிலிருந்தே வந்தது, அதே நிதானத்தோடு. "நல்லாத்தான் இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன்."

ஓடலாம். எங்கே? நடுவில் எல்லை. பாஸ்போர்ட் கம்பெனியில். ஷிரினைக் கூப்பிடலாம். ஆனால் இருப்பது ஒரே ஃபோன். கூப்பிட்டால் இந்த லைன் போய்விடும். போனால் ஜெஸ்மி இந்தப் படத்திலும் இருக்க மாட்டாள். மூடின லேப்டாப்பைத் திரும்பத் திறந்து ஷிரினுக்கு எழுதினான். ஒரு டிக். ஒரே டிக், போய்ச் சேரவில்லை. டூட்டியில் ஃபோன் லாக்கருக்குள் இருக்கும். சுஐபுக்கு எழுதினான். பள்ளிவாசலில் இருப்பவன் பார்க்கவா போகிறான்.

அவள் உதட்டைப் பார்த்தான். அவன் பேரைத்தான் சொல்கிறாள். திரும்பத் திரும்ப.

"ஜெஸ்மி! கதவு! கதவைத் திற!"

அவள் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்றா, முடியாது என்றா?

"லைனை வச்சிராதிய," என்றது குரல், கெஞ்சலாக. ஜெஸ்மி கெஞ்சுவது போலவே.

மெல்ல அவள் வாய் மூடியது. யாரோ குமிழைத் திருப்பி இறக்குவது போல. ஃபோனை எதன்மேலோ சாய்த்து வைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள்.

"ஜெஸ்மி."

நிமிரவில்லை.

"நான் பேசப் படிச்சிட்டேன்," என்றது குரல், வாஞ்சையாக. "இனி நான் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கேன்."

ஜெஸ்மி இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்து வயிற்றின் இரண்டு பக்கமும் வைத்து அழுத்தினாள், ஒரு குழந்தையின் காதுகளைப் பொத்துவது போல.

"அப்பா, சாப்ட்டியளா?" என்றது குரல்.

அவள் இன்னும் அழுத்திப் பொத்தினாள்.

"சாப்ட்டியளா," என்றது இன்னொன்று. மெல்லிசாக. ஒரு சொல் பிந்தி.