அடுப்போரத்துப் பச்சை விளக்கு

சனிக்கிழமை, முற்பகல் 11.40. ஆஸ்கர் வஸிலியின் சிறு விமானம் மலைச்சரிவில் மூக்கைப் பனிக்குள் புதைத்துக் கிடந்தது. ஆஸ்கர் இருக்கையில்தான் இருந்தான். உயிர் போய்ச் சில மணி நேரம் ஆகியிருந்தது. தேடிப் போனவர்கள் அந்தக் குளிரிலும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

டுலுக் கிராமத்தின் காவலர் வெரா மாக்ஸி, அவன் கண்களை மூடிவிட்டு, முன்னால் மாட்டியிருந்த கையடக்க ஜிபிஎஸ்ஸைக் கழற்றினாள். மூடுபனியில் ஆஸ்கருக்கு வழி காட்டியது அதுதான். விமானத்தின் மின்சாரத்தில் ஓடும். அது கைவிட்டால், உள்ளே இருக்கும் பேட்டரி வீடு வந்து சேரும்வரை தாங்கும். விமானத்து மின்சாரம் கைவிட்டுத்தான் இருந்தது. மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் அறுந்து தொங்கியது.

ஜிபிஎஸ்ஸின் பின்மூடியில் ஒரு நாணயத்தை வைத்துத் திருகினாள். மூடி இறுக்கமாக இருந்தது. உள்ளே பேட்டரி இல்லை.

மோதலில் தெறித்திருந்தால் மூடியும் சேர்ந்து போயிருக்கும். யாரோ பேட்டரியை எடுத்துவிட்டு, மூடியை ஒழுங்காகத் திருகி வைத்திருக்கிறார்கள்.

வெரா ஊர் திரும்புவதற்குள் குற்றவாளியை ஊரே பிடித்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மெக்கானிக் டாரில்தான் என்றார்கள். அவனிடமும் அதே மாதிரி ஜிபிஎஸ் உண்டு. போன வாரக் கூடைப்பந்து ஆட்டத்தில் ஆஸ்கரோடு முட்டிக்கொண்டானே என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். அந்த ஊரில் கூடைப்பந்தில் முட்டிக்கொள்ளாத ஆண்பிள்ளை கிடையாது. அதை யாரும் சொல்லவில்லை.

வெரா முதலில் ஆஸ்கரின் மனைவி நஸ்தாஸியாவிடம் போனாள். அவளுக்கு நஸ்தாஸியா பெரியம்மா மகள். நஸ்தாஸியா, அடுப்பு கனன்ற அந்த வீட்டுக்குள்ளும் கனத்த பார்க்கா அங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அதிர்ச்சியில் உடம்பு நடுங்குகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். வெராவும் நம்பினாள்.

பிற்பகல் 2.30. பள்ளிக்கூட ஜிம். அன்று அங்கே கூடைப்பந்துப் பந்தயம் நடந்திருக்க வேண்டும். பக்கத்து ஊர் அணியைக் கூட்டிவரத்தான் ஆஸ்கர் விடியலில் கிளம்பியிருந்தான். இப்போது கூடைக்குக் கீழே ஒரு மேசை. நகரத்திலிருந்து பறந்து வந்த அதிகாரி ஹோல்ம் கேட்டார்.

"காலைல விமானத்துகிட்ட யார் இருந்தது?"

"நான்தான். இன்ஜினைச் சூடு பண்ணினேன்" என்றான் டாரில். "ஆஸ்கர் வந்து ஜிபிஎஸ்ஸை மாட்டிட்டு, பெட்ரோல் எடுக்கப் போனான்."

"அப்ப நீ தனியா இருந்த."

"ஆமா."

"வீட்ல இருந்து வரும்போதே பேட்டரி இல்லாம இருந்திருக்குமோ?"

தப்பிக்க ஒரு கதவு திறந்தது. டாரில் யோசித்துப் பார்த்து, அதைத் தானே சாத்தினான்.

"இருக்காது. நேத்து அவன் வீட்லதான் சாப்பிட்டேன். நாங்க உக்காரும்போதே சார்ஜர்ல பச்சை விளக்கு எரிஞ்சுது. நானே பாத்தேன்."

நுணலும் தன் வாயால் கெடும். பச்சை என்றால் பேட்டரி நிறைந்துவிட்டது. வீட்டில் அதை எடுக்க யாருக்கும் காரணமில்லை; ஆக, களவு விமானத்தில்தான் நடந்தது என்று ஹோல்ம் எழுதிக்கொண்டார். மாலை விமானத்தில் டாரிலை நகரத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். டாரில் கையுறையை எடுத்துக்கொண்டு எழுந்தான். அறுந்துபோன அந்தப் பெல்ட்டை மாட்டியவன் அவன். பேட்டரி எப்படிப் போயிருந்தாலும் ஆஸ்கரைக் கொன்றது தானே என்று அவன் மனது ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது.

வெரா குறுக்கே வந்தாள். "நேத்து ஆஸ்கர் விமானத்த விட்டு இறங்கினதும், குளிர் படாம ஜிபிஎஸ்ஸை உள்பையில போட்டுக்கிட்டானா?"

"மறந்துட்டான். பனி படியாம இறக்கைக்கு உறை மாட்டி முடிக்கிறவரைக்கும் அது விமானத்துலயே கிடந்துச்சு. ஐஸ்கட்டியாட்டம் கொண்டுவரியேன்னு நஸ்தாஸியா கூட திட்டினா. அவன் பூட்ஸைக் கழட்டுறதுக்குள்ள வாங்கிட்டுப் போய், எப்பவும்போல அடுப்போரம் சார்ஜ்ல போட்டா. நேரா சாப்பிட உக்காந்துட்டோம்."

வெரா ஹோல்மிடம் ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டாள். அந்தப் பதில் வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

பிற்பகல் 3.15. நஸ்தாஸியாவின் வீடு. சூப்பும் பெர்ரிப் பழமும் கொண்டுவந்திருந்த பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, வெரா கதவைச் சாத்தினாள். ஆஸ்கரின் ஜிபிஎஸ்ஸை அடுப்போரச் சார்ஜரில் செருகினாள். பேட்டரி இல்லாத வெற்றுக் கருவி. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தியாக்கா? உள்ள ஒண்ணுமே இல்லைன்னாலும் பச்சைதான். சார்ஜ் ஏத்த எதுவும் இல்லைன்னு அர்த்தம். உறைஞ்சுபோன பேட்டரி சார்ஜே ஏறாது. சூடாகுறவரைக்கும் ஆரஞ்சுதான் மின்னும். இது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். சாப்பிட உக்காரும்போது பச்சை எரிஞ்சுதுன்னா, அப்பவே பேட்டரி வெளிய வந்தாச்சு. அவன் கையிலேர்ந்து வாங்கினது நீ. சார்ஜ்ல போட்டதும் நீ."

நஸ்தாஸியா எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுநாள் மூடுபனி வரும், போகாதே என்று வெள்ளிக்கிழமை காலையிலேயே மன்றாடியிருக்கிறாள். பக்கத்து ஊர் அணிப் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று அவன் கேட்கவில்லை. ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. கிளம்புமுன் ஜிபிஎஸ்ஸைச் சமையல் மேசைமேல் வைத்து, எந்த ஒயரும் இல்லாமல் ஒருமுறை போட்டுப் பார்ப்பான். திரை எரியாவிட்டால் அன்றைக்குப் பறக்க மாட்டான். அதை நம்பித்தான் பேட்டரியை எடுத்தாள்.

"அப்ப காலைல ஏன் போட்டுப் பாக்கல?" வெராவுக்கு விளங்காதது இது ஒன்றுதான்.

"போட்டா அது கீச்சுனு கத்தும்" என்றாள் நஸ்தாஸியா. "நான் தூங்குறேன்னு நெனச்சுட்டான். பூட்ஸைக் கையில தூக்கிக்கிட்டு, வெறும் சாக்ஸோட நடந்து போனான், வெரா. நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். முந்தின நாள் கோவம். செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டு, வந்து கேக்கட்டும், பேட்டரி எங்கடின்னு கேக்கட்டும்னு இருந்தேன். விமானத்துகிட்டயாவது பாத்துட்டுத் திரும்பிடுவான்னு நெனச்சேன். இன்ஜின் சத்தம் மேல போனப்பதான் எழுந்தேன்."

விமானத்து மின்சாரத்தில் திரை பளிச்சென்று எரிந்திருக்கும். ஆஸ்கருக்குச் சந்தேகம் வரக் காரணமே இல்லை. அவளுக்காக அவனும், அவனுக்காக அவளும் செய்ததுதான் எல்லாம். இதற்கு என்ன பெயர் வைத்து அறிக்கை எழுதுவது என்று வெராவுக்குத் தெரியவில்லை.

"டாரிலை விடச் சொல்லு. நானே வந்து சொல்றேன்" என்றாள் நஸ்தாஸியா. பார்க்காவுக்குள் கையை விட்டு, உடம்போடு ஒட்டியிருந்த உள்பையிலிருந்து பேட்டரியை எடுத்தாள். "குளிர் பட்டா வீணாப் போயிடும்ல. வந்ததும் குடுக்கணும்னு வெச்சிருந்தேன்."

வெரா அதை வாங்கினாள். இன்னும் கதகதப்பாக இருந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அதை ஜிபிஎஸ்ஸுக்குள் வைத்து, மூடியைத் திருகினாள். பச்சை அணைந்து ஆரஞ்சு, மின்னாமல், நிலையாக எரிந்தது. பேட்டரி சார்ஜ் ஏற ஆரம்பித்திருந்தது.